குழாய்த் தண்ணீர் குறித்த என் கேள்வி: புதுப்பிப்பு

எங்கள் சிறு நகரத்தில் காலையில் மஞ்சளாக வரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொதிக்க வைத்தால் போதும் என்று சிலரும், முதலில் பரிசோதித்துப் பாருங்கள் என்று வேறு சிலரும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது யோசனையை ஏற்று, தெருவிலிருந்து வரும் இணைப்பில் நேரடியாக ஒரு மாதிரியும், மாடித் தொட்டி வழியாக வரும் சமையலறைக் குழாயில் ஒரு மாதிரியும் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தேன்.

நேரடி மாதிரியில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) ஏதும் இல்லை. கிருமிகளைக் கொல்லச் சேர்த்ததில் தண்ணீரில் எஞ்சிய குளோரினும், விநியோக முனையில் குறைந்தது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியே இருந்தது. தொட்டி வழியாக வந்த தண்ணீரிலோ குளோரின் அறவே இல்லை, வெளி மாசு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிபார்ம் கிருமிகள் இருந்தன. மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியில் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர் தன் குளோரினை இழந்துவிடும் என்பதை நான் எண்ணிப் பார்க்காததும், அதையே வீட்டில் எல்லோரும் குடித்து வந்ததும் இப்போதும் மனதை உறுத்துகின்றன.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பழைய இரும்புக் குழாயின் துரு. சில நிமிடங்கள் திறந்துவிட்டால் தெளிந்துவிடுகிறது.

கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் நைட்ரேட்டையும் ஈயத்தையும் அது நீக்காது. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். அவற்றையும் சோதிக்கச் சொன்னேன், இரண்டும் வரம்புக்குள்ளேயே இருந்தன.

தொட்டியைக் கழுவி, குளோரினிட்டு, மூடியை மாற்றிய பின் எடுத்த மாதிரியில் கிருமிகள் இல்லை. விநியோகம் நிற்கும் வேளைகளில் குழாயில் அழுத்தம் குறைந்து, கசிவுகளின் வழியே வெளிநீர் உள்ளே இழுக்கப்படக்கூடும் என்பதால், மழைக்காலத்தில் மீண்டும் பரிசோதிக்க இருக்கிறேன்.