அந்தமானில் ஒரு வாரம்: போய் வந்த பிறகும் மனதில் ஓடுவது எது?

தாம்பரத்தான்
திட்டம் கேட்டு இந்த இழையைத் தொடங்கவில்லை. போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக் தீவில் மூன்று, நீல் தீவில் ஒன்று, திரும்பி வந்து கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். ஏஜெண்ட் போட்டாலும் இதுதான், நாமே போட்டாலும் இதுதான். அங்கே யாரையோ பார்த்து, எதுவோ நடந்து, இன்னும் மண்டையை விட்டுப் போகாத விஷயம் இருந்தால் எழுதுங்கள்.

என்னுடையது ஹேவ்லாக் படகுத்துறையில். தனியார் படகில் ஏதோ கோளாறு, அன்றைக்கு ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். மொத்தக் கூட்டமும் அரசுப் படகு கவுண்டருக்குத் திரும்பியது. எனக்கு முன்னால் சென்னைக் குடும்பம் ஒன்று. மறுநாள் காலை விமானம், டிக்கெட் போனால் நாற்பதாயிரம் போச்சு என்று அந்த அப்பா கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு வங்காளி அம்மா, கையில் எக்ஸ்ரே உறையோடு வந்தார். கவுண்டரில் இருந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த அப்பா கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்தவர் தமிழிலேயே சொன்னார்: “சார், நீங்க டூருக்கு வந்தீங்க. அந்தம்மாவுக்கு இதுதான் பஸ்சு.”

அவருக்கும் எனக்கும் இடம் கிடைத்தது, அது வேறு விஷயம். படகு முழுக்க அந்தம்மா எக்ஸ்ரேயை மடியில் படுக்க வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே வந்தார்.

சுபா மதுரை
எனக்கு விமான நிலையம். மகளுக்கு ஆறு வயது. நீல் தீவில் பொறுக்கிய கிளிஞ்சல்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அவளே மூடி, அவள் பையிலேயே வைத்திருந்தாள். ஸ்கேனரில் பை நின்றது. பாதுகாப்பு வீரர் பாட்டிலை எடுத்துப் பக்கத்து மேசையில் இருந்த டப்பாவில் கவிழ்த்தார். அதில் ஏற்கெனவே அரை டப்பா கிடந்தது. பவளத் துண்டு, சங்கு, யாரோ வீட்டு மீன்தொட்டிக்கு எடுத்த வெள்ளை மணல்கூட. இவள் அழவில்லை. “அங்கிள், இதெல்லாம் திரும்பக் கடல்ல போடுவீங்களா?” என்று தமிழில் கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் ‘ஆமாம்’ என்று சொன்னதாகத்தான் அவள் இன்று வரைக்கும் நம்புகிறாள்.

நீலாங்கரை கரையோரம்
சுபா மேடம், குழந்தையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதை எல்லோரும் ஒரு மாதிரி “ஐயோ பாவம்” கதையாகவே எழுதுகிறீர்கள். அங்கே கடற்கரையிலிருந்து சிப்பி, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. செத்துக் கரை ஒதுங்கிய பவளம் என்றாலும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பவளம் இருக்கிறது, பல சங்கு வகைகளும் இருக்கின்றன. சிப்பிப் பொருள் மட்டும் அனுமதி பெற்ற கடையில் பில்லோடு வாங்கினால் கொண்டு வரலாம், பில்லைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள். ஹேவ்லாக் மணலில் சாயங்காலம் குனிந்து பார்த்தீர்களா? கிளிஞ்சலெல்லாம் நடக்கும். உள்ளே துறவி நண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. வளர வளரப் பெரிய காலி ஓடாகத் தேடி மாற வேண்டும். நாம் பொறுக்கிக்கொண்டு வந்தால் அது எங்கே போகும்? பிளாஸ்டிக் மூடிக்குள் குடியிருக்கும் நண்டை நானே பார்த்திருக்கிறேன், காலாபத்தர் பக்கம், ஒரு தண்ணீர் பாட்டில் மூடி, நீல நிறம். என் அனுபவம் அவ்வளவுதான்.

கூட ஒன்று. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு பவளத்தின் மேல் மிதக்காதீர்கள், முழுக்கை நீச்சல் உடை வாங்குங்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். எலிஃபண்ட் கடற்கரையில் வழிகாட்டியே “நில்லுங்க, போட்டோ எடுக்கிறேன்” என்பார், முடியாது என்று சொல்லுங்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள்.

சுபா மதுரை
சரிங்க. பாட்டில் காலியாகத்தான் வந்தது என்று எழுதியிருந்தேனே.

வேலூர் வெயில்
ரொம்பச் சின்ன விஷயம். டிசம்பர். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்கத்தான் மாமனார் வந்ததே. மதியம் சாப்பிட்டுப் படுத்தார். நான்கு மணிக்கு எழுப்பினால், “ஆறு மணிக்குத்தானே மாப்பிள்ளை, டீ குடிச்சிட்டுப் போகலாம்.” அங்கே டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் முழுகிவிடும், கடிகாரம்தான் நம்மூர்க் கடிகாரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலர் விசில் ஊதித் தண்ணீரில் இருந்தவர்களை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தார். மாமனார் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், “வாட்ச் நின்னுபோச்சு போல” என்றார். பேட்டரியும் மாற்றினார், ஊருக்கு வந்து.

கோவை ராகம்
இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன்.

ஹேவ்லாக்கில் ஸ்கூபா, காற்று உருளையோடு கடலுக்கு அடியில் போவது. நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் ஒருவர் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாரே, அதுதான். போட்டில் ஏறுவதற்கு முன் ஒரு படிவம் தருவார்கள். இதய நோய் உண்டா, காது அறுவை சிகிச்சை உண்டா, ஆஸ்துமா உண்டா என்று கேள்விகள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர், பேச்சிலேயே திருப்பூர்ப் பக்கம் என்று தெரிந்தது. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையனோடு வந்திருந்தார். ஆஸ்துமாவுக்கு ‘ஆம்’ போட்டார். போட்ட கையோடு கேள்விகளை இன்னொரு தரம் படித்தார், எழுந்து போய் வேறு படிவம் வாங்கி வந்தார், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டார். பழையதை நான்காக மடித்து டவுசர் பையில் வைத்துக்கொண்டார்.

நான் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அதற்குள் அவர் உடையை மாட்டி, முதுகு ஜிப்பைப் பையன் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டார். இவர் இல்லை இல்லை என்கிறார். பிறகு பையனே, “அப்பா, இன்ஹேலர் ரூம்லயே இருக்குப்பா” என்றான். உதவிக்குச் சொன்னானா, என்ன நினைத்துச் சொன்னானோ தெரியாது. அதோடு முடிந்தது. டாக்டர் கடிதம் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்றார் பயிற்சியாளர். நாளைக்கு அவர்களுக்கு நீல் படகு. ஈர ரப்பர் உடையை இடுப்பு வரைக்கும் உரித்துவிட்டு, கால் பகுதி வராமல், அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்தார். பையன் மட்டும் எங்களோடு இறங்கினான்.

யார் சொன்னது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் அதே படகில் நாங்களும். வணக்கம் வைத்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீபன்
அண்ணா, தப்பாக நினைக்காதீங்க. அவர் உயிர், அவர் முடிவு. பையனோடு சேர்ந்து கடலுக்கு அடியில் போக வேண்டும் என்று எத்தனை வருஷ ஆசையோ. நீங்கள் அவரிடமே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பயிற்சியாளரிடம் ஏன் போனீங்க?

சீர்காழி டாக்டரம்மா
தீபன் தம்பி, அவர் உயிர் மட்டும் இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வர வர விரியும். மூச்சுக்குழாய் சுருங்கி ஒரு பக்கம் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிற பயிற்சியாளரும் மாட்டுவார். கோவை ராகம் செய்தது சரி.

என் கதை ஒன்றும் பெரிதில்லை. மூக்கை அடைத்துக்கொண்டு ஊதச் சொல்லிக் கற்றுத் தருவார்களே, அதைச் சரியாகச் செய்யாமல் காது வலியோடு ஏறி வந்த ஒரு புது மணப்பெண்ணுக்கு, சாப்பாட்டு மேசையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சளி இருந்தால் இறங்காதீர்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், வலிப்பு எது இருந்தாலும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், தீவில் போய்த் தேடாதீர்கள். ஸ்கூபாவைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கவே கூடாது. ஒரே ஒரு தடவை இறங்கினாலும் விமானம் ஏற 12 மணி நேரம் பொறுக்க வேண்டும், பல தடவை என்றால் 18. ஒரு முழு நாள் விட்டால் கணக்கே வேண்டாம். ஏஜெண்டுகள் பணம் பார்த்து நாளை மாற்றிப் போடுவார்கள், சம்மதிக்காதீர்கள். படகில் வாந்தி வரும் என்றால் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்னால் போடுங்கள், வந்த பிறகு போட்டுப் பயன் இல்லை. மணல் ஈக் கடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள், சொறியாதீர்கள்.

தீபன்
மருத்துவக் காரணம் புரிகிறது அக்கா. அந்தப் பையன் மனசில் என்ன இருக்கும் என்றுதான் கேட்டேன்.

கப்பல் பயணி
விமானத்தில் போகிறவர்களுக்கு அந்தமான் தெரியவே தெரியாது. சென்னைத் துறைமுகத்தில் ஏறுங்கள், பங்க் வகுப்பு, மூன்று நாள். என் எதிர்ப் படுக்கையில் போர்ட் பிளேர்த் தமிழம்மா ஒருவர், ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கொண்டு வந்தார். இரவில் கப்பல் ஆடும்போதெல்லாம் எழுந்து மூட்டையைத் தடவிப் பார்ப்பார். அங்கே என்ன விலை தெரியுமா என்று கேட்டேன். “விலைக்கு இல்ல தம்பி, வாசனைக்கு” என்றார். கப்பலில் போனால்தான் இதெல்லாம்.

தாம்பரத்தான்
அண்ணே, போக மூன்று, வர மூன்று. தலைப்பில் ‘ஒரு வாரம்’ என்று போட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தவள்
தாம்பரத்தான் கடைசி இரவைப் போகிற போக்கில் எழுதிவிட்டார். அந்த ஒரு இரவுதான் திட்டத்திலேயே முக்கியமானது.

2016 டிசம்பரில் நாங்கள் ஹேவ்லாக்கில். அப்போது அந்தப் புயலுக்கு வர்தா என்ற பெயர்கூட வைக்கவில்லை, வெறும் தாழ்வு மண்டலம். படகு நின்றுவிட்டது. தீவுகளில் ஆயிரத்துக்கும் மேலான பயணிகள் மாட்டிக்கொண்டோம். கடற்படைக் கப்பல்கள் வந்தும் கடல் கொந்தளித்ததால் உள்ளே நுழைய முடியாமல் நின்றன என்று பிறகு தெரிந்தது. எங்களுக்கு அப்போது எந்தச் செய்தியும் இல்லை, மின்சாரமும் இல்லை, போனும் இல்லை.

தங்கியிருந்த இடத்தில் ஒரு கரும்பலகை. இறால், சுறாப் புட்டு மாதிரி ஒன்று, மீன் தாலி (தட்டுச் சாப்பாடு), கோழி என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். சமையல்காரர் ஒவ்வொரு வேளையும் வந்து ஈரத்துணியால் ஒரு வரியை அழிப்பார். முதலில் கோழி போனது. அப்புறம் இறால். மீன்பிடிப் படகு போகாததால் தாலியில் ‘மீன்’ மட்டும் அழிந்து ‘தாலி’ என்று நின்றது. கடைசியில் சாதம், பருப்பு. விலையையும் அழித்துவிட்டார். யாரிடமும் காசு வாங்கவில்லை. அங்கிருந்த ஒரு வடநாட்டுப் பயணி அதற்கும் “பருப்பில் நெய் இல்லையா” என்று கேட்டார். சமையல்காரர் பலகையைக் காட்டினார்.

போர்ட் பிளேருக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பாடா என்று பார்த்தால், நாங்கள் தப்பித்த அதே புயல் 12ஆம் தேதி சென்னையில் கரை ஏறியது. விமான நிலையம் மூடல். எங்களை முந்திக்கொண்டு அது வீட்டுக்குப் போய்விட்டது.

சாலையோரம்
பாரடாங். ஜார்வா பழங்குடிகள் வாழும் காட்டு வழியாக வண்டிகளை வரிசை கட்டி விடுவார்களே, அந்தப் பயணம். படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் வேன் ஓட்டுநர் ராமநாதபுரத்துக்காரர். முன் சீட்டு ஆள் போனைத் தொடைக்கு அடியில் வைத்து லென்ஸை மட்டும் வெளியே நீட்டினார். ஓட்டுநர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது கையை நீட்டினார். அந்த ஆள் போனைக் கொடுத்தார். அது டாஷ்போர்டில், பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில், படகு ஏறும் மத்திய நீரிணை வரைக்கும் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பேச்சு இல்லை.

நீலாங்கரை கரையோரம்
ஓட்டுநருக்கு ஒரு வணக்கம். ஆனால் அந்தச் சாலையில் சுற்றுலாப் போவதே சரியா? காப்புக்காட்டுப் பகுதியில் அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது.

சாலையோரம்
சுண்ணாம்புக் குகைக்குத்தான் போனேன். மனிதர்களைப் பார்க்க இல்லை.

நீலாங்கரை கரையோரம்
வேனில் இருந்த எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அந்த முன் சீட்டு ஆள் உட்பட.

புதுசு
எல்லாம் படித்தேன். ஜனவரிக் கடைசியில் அம்மாவோடு போகிறோம், அவங்களுக்கு முழங்கால் வலி. நீலில் அந்த இயற்கைப் பாலம் பார்க்க முடியுமா?

வேலூர் வெயில்
என் மாமியார் பார்த்தார். கடல் வற்றும் நேரத்தில்தான் போக வேண்டும், அந்த நேரம் தினமும் மாறும், தங்குமிடத்தில் முதல் நாளே கேளுங்கள். படி இறங்கியதும் பாறை, பாசி, குழிகளில் தண்ணீர். வழிகாட்டிப் பையன் கையைப் பிடித்துப் பத்துப் பாறை தாண்டியதும், ஒரு குழியில் கடல் அட்டையைக் காட்டினான். மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், பாலத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. “இது மூச்சு விடுது பாரு” என்று எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். பிடிப்புள்ள ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள், வழுக்கும். பாரத்பூர் கடற்கரை அம்மாவுக்கு இன்னும் வசதி. அது இருக்கட்டும், படகு டிக்கெட் எடுத்தாச்சா? கடைசி இரவு எந்தத் தீவில் போட்டிருக்கிறீர்கள்?

புதுசு
ஹேவ்லாக்கில்.

மழைக்காலத்தவள்
மாற்றுங்கள்.