மழைத்தோட்டமா, மழைக்குட்டையா, மழைப்பாத்தியா?

வணக்கம். கூரையிலிருந்தும் தரைத்தளத்திலிருந்தும் ஓடிவரும் மழைநீரை ஆழமில்லாத பள்ளத்தில் வாங்கி, ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறக்கும் செடிப்படுகையை ‘மழைத்தோட்டம்’ என்று எழுதி வருகிறோம். படிப்பவருக்கு மழையை நம்பி வளரும் தோட்டம் என்றே படும். தோட்டம் என்றதும் மண்ணைக் குவித்து மேடாக்கிவிடுவார்கள். மேட்டில் நீர் ஏறாது. ‘மழைக்குட்டை’ பொருந்துமா?

> ‘மழைக்குட்டை’ பொருந்துமா?

வேண்டாம் ஐயா. குட்டை என்றால் நீர் நிற்குமிடம். அந்தப் பெயரை நம்பி இடம் தேடுபவர், மழை விட்ட பிறகும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மூலையைத்தான் தேர்ந்தெடுப்பார். அங்கே பெரும்பாலும் மண் உறிஞ்சாததால்தான் நீர் தேங்குகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே 24 மணி நேரத்தில், மிஞ்சினால் 48 மணி நேரத்தில், பள்ளம் வற்றியாக வேண்டும். நீர் ஓடிவரும் வழியில், தேங்கும் மூலைக்குச் சற்று மேலேயே மறிப்பதுதான் சரி.

முதலில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்பி, முழுக்க வடிய விடுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை வேகமாகக் குடித்து ஏமாற்றும். இரண்டாம் முறை நிரப்பி அளப்பதே கணக்கு. மணிக்கு 1 செ.மீ. இறங்கினால் 15 செ.மீ. ஆழப் பள்ளம் 15 மணி நேரத்தில் வற்றும். அரை செ.மீ. என்றால் 30 மணி. அதற்கும் குறைந்தால் வேறு இடம் பாருங்கள். ஆனால் குழியின் சுவர் பூசியதுபோல் வழவழவென்றிருந்தால், மண்வெட்டி களிமண்ணை மெழுகிவிட்டது என்று பொருள். சுரண்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

கட்டட அடித்தளத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டியின் பக்கமும், பெரிய மரத்தின் வேர்ப்பரப்பும், வண்டி ஏறி இறுகிய மண்ணும் ஆகாது. சரிவு 12 விழுக்காட்டைத் தாண்டினால் கீழ்ப்பக்கக் கரையை உயர்த்த வேண்டிவரும், அது உடையும்.

என் பரிந்துரை ‘பாத்தி’. நீரை வாங்கி நிறுத்திக் குடிக்கும் நிலம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

> என் பரிந்துரை ‘பாத்தி’.

உடன்படுகிறேன். ‘ஊறுபாத்தி’ என்றும் யோசிக்கலாம்; ஆனால் ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள்படும். ‘மழைப்பாத்தி’ போதும், ப் மிகும். உறுப்புகளுக்கும் சொல் தேட வேண்டியதில்லை: நீர் நுழைவது மடை, கீழ்ப்பக்கக் கரை வரப்பு, மிகுநீர் வழிவது கலிங்கு. கலிங்கை வரப்பைவிடத் தாழ்வாக வைத்துக் கல் பாவாவிட்டால், முதல் பெருமழையே வரப்பை அரித்துவிடும்.

அடியில் துளைக்குழாய் பதித்து வடிகாலோடு இணைத்ததை மட்டும் இந்தப் பெயரில் சேர்க்காதீர்கள். அதில் நீரின் பெரும்பகுதி நிலத்தில் இறங்குவதில்லை, வடிகட்டப்பட்டு வெளியேறுகிறது. அதற்கு ‘வடிகட்டுப் பாத்தி’ எனத் தனிப்பதிவு வேண்டும்.