ஜோடி அலங்கார ஜாடிகள்: வெண்கலமா, வேறு உலோகமா? எந்த நாட்டு வேலை?

தூசிதட்டி:
வணக்கம். கைக்கு வந்த ஒரு ஜோடி ஜாடி பற்றிச் சந்தேகம். உயரம் ஒன்றரை அடி இருக்கும். கரும்பழுப்பு நிறம். உடம்பெல்லாம் திராட்சைக் கொடி, வயிற்றுப் பகுதியில் சிறகு முளைத்த குழந்தைகள், கைப்பிடியில் பாம்பு. கொடுத்தவர் "வெண்கலம், முந்நூறு வருஷத்துக்குக் குறையாது" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தட்டினால் கணீரென்று இல்லை, "டொக்" என்கிறது. காந்தம் உடம்பில் ஒட்டவில்லை, அடியில் நடுப்பகுதியில் மட்டும் ஒட்டுகிறது. ஒன்றின் கைப்பிடி முன்பே உடைந்திருக்கிறது. உடைந்த இடம் வெள்ளைச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. வெள்ளியாக இருக்குமோ? தண்ணீர் ஊற்றினால் அடியில் ஒழுகுகிறது. கீழே "டெப்போசே" என்ற பிரெஞ்சுச் சொல்லும் ஓர் எண்ணும் உண்டு, வேறு முத்திரை இல்லை. என்ன உலோகம், எங்கே செய்தது, கைப்பிடியைப் பற்றவைக்கலாமா?

பழையசாமான்:
வெள்ளி இல்லை. வெள்ளியில் செய்து அதன்மேல் யாராவது வெண்கல நிறம் பூசுவார்களா!

வார்ப்படம்:
நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஸ்பெல்டர். பெரும்பாலும் துத்தநாகம்தான், கொஞ்சம் வேறு உலோகம் கலந்திருக்கும். மேலே செம்பையோ பித்தளையையோ மின்முலாம் பூசி, நிறமேற்றி, வெண்கலம்போல் காட்டுவார்கள். அதனால் மேல் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உடைந்த இடமும் அடிப்பக்கமும்தான் உண்மையைச் சொல்லும். வெண்கலமோ பித்தளையோ உடைந்தால் உள்ளே மஞ்சளோ சிவப்போ தெரியும். சாம்பல் நிறம் தெரியாது.

காந்தம் ஒட்டியதற்கும் காரணம் உண்டு. இந்த ஜாடிகளை ஒரே வார்ப்பாகச் செய்வதில்லை. வாய், கழுத்து, வயிறு, அடி என்று தனித்தனியாக வார்த்து, நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தி, கீழே நட்டு போட்டு இறுக்குவார்கள். காந்தம் பிடித்தது அந்த நட்டை. தண்ணீர் ஒழுகுவதும் இதனால்தான். ஜாடி உருவமே தவிர, எதையும் ஊற்றி வைக்கச் செய்ததில்லை.

முடிந்தால் நட்டைக் கழற்றி வயிற்றுப் பகுதியின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உருக்கிய துத்தநாகத்தை உலோக அச்சில் ஊற்றுவார்கள். அச்சின் சுவரையொட்டி ஓர் ஓடு உறைந்ததும் அச்சைக் கவிழ்த்து, நடுவில் உறையாமல் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். உள்ளே சாம்பல் நிறமும் உலோகம் வழிந்த தடமும் இருந்தால் இந்த முறைதான்.

எடைக்கல்:
சாம்பல் நிறம் என்றால் பியூட்டராகவும் இருக்கலாமே? அது வெள்ளீயக் கலவை. அடர்த்தி பார்த்தால் வெண்கலமா இல்லையா என்பதாவது உறுதியாகும். தராசின் மேல் தண்ணீர் வாளியை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் வாளியின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் இறக்குங்கள். தராசு காட்டும் கிராம் எவ்வளவோ, அதுதான் அந்தப் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். வெளியே எடுத்த எடையை அதனால் வகுங்கள். வெண்கலம் 8.8 பக்கம் வரும், துத்தநாகம் 7.1, பியூட்டர் 7.3 பக்கம்.

முழு ஜாடியை அப்படியே போடாதீர்கள். கம்பி, நட்டு, உள்ளே தங்கும் காற்று எல்லாம் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். கழற்றிய ஒரு பகுதியை மட்டும் போடுங்கள், குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உடனே நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். ஈரம் தங்கினால் துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்.

தூசிதட்டி:
நட்டு எளிதாகக் கழன்றது. உள்ளே சாம்பல் நிறம், வழிந்த தடமும் அப்படியே இருக்கிறது. வயிற்றுப் பகுதி 1,420 கிராம், தண்ணீரில் 203 காட்டியது. 7.0 வருகிறது. ஆக வெண்கலம் இல்லை. ஆனால் துத்தநாகமா பியூட்டரா என்று இதை வைத்துச் சொல்ல முடியவில்லையே?

வார்ப்படம்:
அந்த வித்தியாசத்துக்கு உங்கள் தராசை நம்ப வேண்டாம். உடைந்த இடத்தைப் பாருங்கள். பியூட்டர் மென்மையானது. அடி பட்டால் வளையும், நசுங்கும். துத்தநாக வார்ப்பு படக்கென்று முறியும், முறிந்த முகத்தில் படிகம் படிகமாக மினுக்கும். உங்களுடையது?

தூசிதட்டி:
முறிந்துதான் இருக்கிறது. வளைவே இல்லை. லென்ஸில் பார்த்தால் பொடிப் பொடியாக மினுக்குகிறது.

வார்ப்படம்:
சரி, ஸ்பெல்டர்தான். இனி வயசுக்கு வருவோம். முந்நூறு வருஷக் கதையை விட்டுவிடுங்கள். துத்தநாகத்தில் சிலை, அலங்காரம் வார்ப்பதை பெர்லினில் மோரிட்ஸ் கைஸ் தொடங்கியது 1830களில். மின்முலாமுக்கு எல்கிங்டன் காப்புரிமை பெற்றது 1840இல். இரண்டும் சேர்ந்த பொருள் அதற்கு முன்னால் இருக்க வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

கொடுத்தவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம், வேலைப்பாடு அப்படி ஏமாற்றும். மறுமலர்ச்சிக் கால வடிவங்களை அந்த நூற்றாண்டு முழுக்க நகலெடுத்துத் தள்ளினார்கள். விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்றவருக்குத் தரும் வெள்ளித் தட்டு இருக்கிறதே, அதுவே 16ஆம் நூற்றாண்டுப் பியூட்டர் தட்டு ஒன்றின் நகல்தான். பர்மிங்காமில் 1864இல் எல்கிங்டன் நிறுவனம் செய்தது. பாணியை வைத்து வயசு சொல்கிற யாரையும் நான் நம்ப மாட்டேன்.

பழையசாமான்:
"டெப்போசே" என்றால் வடிவம் பதிவு செய்யப்பட்டது என்று அர்த்தம். பிரான்ஸ் பக்கம் கை காட்டுகிறது, ஆனால் அது மட்டும் போதாது. நாட்டின் பெயர் இல்லாததைக் கொஞ்சம் கவனியுங்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் வேண்டும். உங்களுடையதில் இல்லை என்பதால் அதற்கு முந்தியது என்று குதிக்க வேண்டாம். வேறு நாட்டுக்குப் போன பொருளில் அது தேவையே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்து இன்னொன்று பாருங்கள். குழந்தைகள் ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் திரும்பியிருக்கிறார்களா? அப்படியென்றால் நடுவில் கடிகாரம் வைத்து இருபுறமும் நிறுத்தும் தொகுதியில் இருந்து பிரிந்து வந்திருக்கலாம். பிரான்ஸில் அந்த வகை ஏராளம்.

தூசிதட்டி:
ஆமாம், எதிரெதிராகத் திரும்பியிருக்கிறார்கள்! அடியில் வேறு திருகு ஒன்றும் இருக்கிறது, கூட்டல் குறித் தலை.

பழையசாமான்:
அது பின்னால் யாரோ மாட்டியது. அந்தத் தலையுள்ள திருகு பரவலானது 1930களில்தான். அதை வைத்து மொத்த ஜாடியையும் புதுசு என்று சொல்லிவிட வேண்டாம், மற்ற நட்டெல்லாம் பழசு என்றால் பிரச்சினை இல்லை. என் கணிப்பு: பிரான்ஸ், 1880 முதல் 1910 வரை. தயாரித்தவர் பெயரை இதற்கு மேல் துரத்தினால் ஊகம்தான் மிஞ்சும்.

வார்ப்படம்:
கைப்பிடிக்குப் பற்றவைப்பு வேண்டவே வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகும். சுடரைக் காட்டினால் முதலில் நிறம் கருகும், அப்புறம் பாம்பே வழிந்துவிடும். இரண்டு பகுதியாகக் கலக்கும் எபாக்சி போதும். முறிந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், அந்த மேடு பள்ளம்தான் சரியாகப் பொருந்த உதவும். தூசியை மட்டும் தட்டி, ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். மெருகுப் பசை, புளிப்பான எதையும் போட்டுத் துலக்கக் கூடாது, மேலே இருக்கும் முலாம் அவ்வளவு மெல்லியது. ஒட்டிய பிறகு தூக்கும்போது கைப்பிடியில் பிடிக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.