நின்றெரி விளக்கு: சைக்கிள் கையேட்டுக்கான சொல் குறித்து மறுமொழி

தமிழ்ச் சொல்லாக்க மடல் குழுமத்தார் அனைவர்க்கும் வணக்கம்.

காங்கயம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை அம்மா நம்மிடம் கேட்டது ஒரே ஒரு சொல்லைத்தான். பிளஸ் ஒன் மாணவர்கள் தங்களுக்குக் கிடைத்த விலையில்லா மிதிவண்டிக்குத் தாங்களே இரவு விளக்குச் செய்து பொருத்திக்கொள்வதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. சக்கரம் நின்று, டைனமோவும் நின்ற பிறகு, சில நிமிடங்கள் தொடர்ந்து எரியும் பின்விளக்குக்கு என்ன பெயரிடுவது என்பது கேள்வி. வந்த மடல்களில் பெரும்பகுதி டைனமோவைத் தமிழாக்குவதிலும், சைக்கிளா மிதிவண்டியா ஈருருளியா என்று வழக்காடுவதிலும் போய்விட்டமையால், அம்மாவுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

அவ்விரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். அரசுத் திட்டத்தின் பெயரிலேயே மிதிவண்டி இருப்பதால் அட்டையில் மிதிவண்டி இருக்கட்டும்; உள்ளே சைக்கிள் என்று வருவதால் குறைவொன்றும் இல்லை. டைனமோவுக்கு மின்னியற்றி என்று போடலாம் என்றார் ஒருவர். அது பாடநூலில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் மேட்டூர் அணையில் சுழலும் பெரும்பொறிக்கும் அதுவே பெயர். டயரின் பக்கவாட்டில் கொண்டை உரசச் சுழலும் இந்தச் சிறு பொருளை ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ எந்தக் கடையில் கேட்டாலும் ‘டைனமா’ என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். தாத்தா காலத்திலிருந்து வழங்கிவரும் அந்தச் சொல்லை மாணவர்களிடமிருந்து பிடுங்க நமக்கு எந்த அவசரமும் இல்லை.

இனிப் பொருளுக்கு வருகிறேன். பொருளைக் கண்முன் வைக்காமல் சொல்லைத் தேடியதால்தான் இவ்வளவு இழுபறி என்பது என் துணிபு. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட் அளவினது. பழைய பல்புக் காலத்தில் அதில் 2.4 வாட் முன்விளக்குக்கும் 0.6 வாட் பின்விளக்குக்கும் போகும். அது தருவது திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டம். மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடுகள் நான்கு கொண்ட அலைதிருத்தி அதை ஒரே திசையில் ஓடச் செய்கிறது. ஆசிரியை அம்மா அனுப்பிய சுற்றுப்படத்தில், மின்னழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் 5.1 வோல்ட் செனார் டையோடின் காவலில், மின்னைச் சேர்த்து வைக்கும் 1 ஃபாரடு கொண்ட காசு வடிவ மின்தேக்கி ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும்போது அது ஏறத்தாழ 5 வோல்ட் வரை நிரம்புகிறது. வண்டி நின்றதும் 560 ஓம் மின்தடை வழியாகச் சிவப்பு எல்.இ.டி.க்குத் தன் சேமிப்பைக் கொடுக்கத் தொடங்குகிறது. தொடக்கத்தில் 5 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும் மின்னோட்டம், நான்கு நிமிடம் கழிந்த பின்னும் அதில் மூன்றில் இரண்டு பங்களவுக்கு இருக்கும்.

இந்த நான்கு நிமிடத்தின் அருமை, இரவில் காங்கயம் தாராபுரம் சாலையிலோ, பெருந்துறைப் பக்கம் சேலம் கொச்சி நெடுஞ்சாலையிலோ குறுக்கே கடக்கக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். பழைய டைனமோ விளக்கு, காலைத் தரையில் ஊன்றியதும் அணைந்துவிடும். ஓடும்போது தெரிந்த சைக்கிள், லாரி நெருங்கும் நேரத்தில் இருளில் கரைந்துவிடும். திருப்பூரில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்புகிறவரும், மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகிறவரும் இந்த ஆபத்துக்குள்தான் போய்வருகிறார்கள். ஆகவே நாம் தேடும் சொல், வண்டி நிற்கிறது, விளக்கு ஓயவில்லை என்னும் இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிக் கேட்டாலே மாணவனுக்கு விளங்கவும் வேண்டும்.

இடையில் ஒரு குறிப்பு. கையேட்டில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பழைய விளக்குகளில் ஒற்றைக் கம்பிதான் ஓடும். திரும்பும் பாதையாக வண்டியின் இரும்புச் சட்டமே இருக்கும். அந்தப் பழக்கத்தில், அலைதிருத்திக்குப் பிந்திய எதிர்முனைக் கம்பியையும் மாணவர்கள் சட்டத்தில் முடுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரு டையோடு குறுக்கிணைப்பாகி, அரை அலை வீணாகும். எல்.இ.டி. பக்கத்துக்கு இரண்டு கம்பியும் தனித்தனியாக வர வேண்டும். விளக்கின் உலோகக் கூடு சட்டத்தில் படுமானால் இடையில் ரப்பர்த் துண்டு ஒன்று வைக்க வேண்டும்.

முன்மொழிந்த சொற்களுக்கு வருகிறேன். பீளமேட்டுப் பொறியாளர், ஜெர்மானியர் இதனை ‘ஷ்டாண்ட்லிஷ்ட்’ (நிற்கும் ஒளி) என்பதைக் காட்டி, நிற்பொளி என்றார்; பிறகு நின்றொளி என்று திருத்தினார். இரண்டிலும் எனக்குள்ள தடை ஒன்றே. ஒளி என்பது தமிழில் வெளிச்சத்துக்கும் பெயர், மறைந்துகொள் என்னும் ஏவலும் அதுவே. வகுப்பில் நின்றொளி என்று உரக்கப் படித்தால், நின்று ஒளிந்துகொள் என்று கட்டளையிடுவதாகவே காதில் விழும். லாரிக்காரர் கண்ணில் படுவதற்காகச் செய்யும் விளக்குக்கு அப்படியொரு பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை. எஞ்சொளி என்று ஒருவர் எழுதினார். மீதியான வெளிச்சம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது.

தங்கொளி (தங்கு + ஒளி), பொறியாளரின் மூன்றாவது சொல். புணர்ச்சியில் குற்றம் இல்லை. குற்றியலுகரம் கெட, உயிர் ஏறி முடிந்த வினைத்தொகை. எழுதிப் பார்த்தால் அழகாகவே இருக்கிறது. ஆனால் பேசும்போது தங்க ஒளி என்றே கேட்கிறது. சிவப்பு விளக்கைப் பற்றிய பாடத்தில் பொன்னிறத்துக்கு என்ன வேலை என்று மாணவன் குழம்புவான். அச்சில் மட்டும் வாழ்ந்து வாயில் தடுமாறும் சொல், பட்டறைக்குள் நுழையாது.

கோபிப் புலவர் ஐயா முன்வைத்த நுந்தா விளக்கு, இந்த மடல் தொடரிலேயே என்னை மிகவும் ஈர்த்த சொல். நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. ‘நொந்தா ஒண்சுடரே’ என்று சுந்தரர் இறைவனை விளிப்பதும் அவியாத சுடர் என்ற பொருளில்தான். கல்வெட்டில் வரும் நுந்தா விளக்கோ, தூண்டுதல் என்னும் பொருளுடைய ‘நுந்து’ என்பதிலிருந்து வந்தது, ஆகவே தூண்டாமலே எரியும் விளக்கு என்று ஐயா பிரித்துக் காட்டியது அருமையான விளக்கம். சோழர் காலத்தில் ஒரு விளக்குக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாமலும் மூப்படையாமலும் எண்ணிக்கை குறையாது நிற்கும் ஆடு) 96 கொடுத்து நாள்தோறும் உழக்கு நெய் வரும்படி ஏற்பாடு செய்ததையும் அவர் விரிவாக எழுதினார். சக்கரம் தூண்டாத போதும் எரிவதால் நுந்தா விளக்கு என்பது அவர் வாதம். ஆனாலும் நான் உடன்பட இயலவில்லை. கோயிலில் என்றென்றும் எரிவதற்கு வைத்த பெயரைச் சில நிமிடத்தில் மங்கும் விளக்குக்கு வைத்தால், அந்தப் பழஞ்சொல்லின் பொருள் தேய்ந்துபோகும். அத்துடன் இந்த விளக்கு சக்கரம் தூண்டிச் சேர்த்து வைத்ததைத்தான் செலவழிக்கிறது. தூண்டாதது என்று சொன்னால், மின்தேக்கியைப் பற்றி ஆசிரியை கற்பிக்க விரும்பும் செய்தியே மறைந்துவிடும்.

சென்னிமலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் அனுப்பிய இரண்டு வரி மடலை யாரும் எடுத்துப் பேசவில்லை. “கடைக்கு வர்றவங்க, வண்டி நின்னாலும் நின்னு எரியற லைட்டு இருக்குதுங்களான்னுதான் கேக்கறாங்க” என்று அவர் எழுதியிருந்தார். நாம் தேடிய சொல் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. அதை எழுத்து வழக்குக்குக் கொண்டுவந்தால் நின்றெரி விளக்கு.

நில் என்னும் வினை தமிழில் எதிரெதிரான இரண்டு திசைகளில் செல்லும். மழை நின்றது என்றால் பெய்வது ஓய்ந்தது. மழை நின்று பெய்தது என்றால் விடாமல் பெய்தது. பூசை அறையில் விளக்கு நின்று எரிகிறது என்று அம்மா சொன்னால், துடிக்காமல் அணையாமல் எரிகிறது என்று பொருள். வண்டி ஓய்ந்ததையும் விளக்கு ஓயாததையும் ஒரே வினை தாங்கி நிற்கும் வாய்ப்பு இந்தப் பொருளுக்கு மட்டுமே அமைந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு வேறு சொல் தேடுவது வீண் உழைப்பு.

இதற்குப் புலவர் ஐயா இலக்கணத் தடை ஒன்று எழுப்பினார். நின்று, வந்து போன்ற, செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே, அதாவது அச்செயலைச் செய்ததையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம். நின்றது வண்டி, எரிவது விளக்கு, ஆகவே நின்று என்னும் எச்சம் எரி என்பதனோடு முடியாது என்றார். மதிக்கத்தக்க தடைதான். ஆயினும் விடை குறளிலேயே இருக்கிறது. ‘வான்நின்று உலகம் வழங்கி வருதலான்’ என்பதற்கு ‘மழை இடையறாது நிற்ப உலகம் நிலைபெற்று வருதலான்’ என்று பொருள் எழுதும் பரிமேலழகர், நிற்ப என்பது நின்று எனத் திரிந்ததாகக் கொள்கிறார். அங்கே நிற்பது மழை, வழங்கி வருவது உலகம், வினைமுதல் இரண்டு. அதே வழியில் நம் சொல்லையும் ‘வண்டி நிற்ப எரியும் விளக்கு’ என்று விரிக்கலாம். ‘சொல்திரியினும் பொருள்திரியா வினைக்குறை’ என்று நன்னூலும் இத்திரிபுக்கு இடம் கொடுக்கிறது. நன்னூலார் பவணந்தியின் ஊரான சனகை, பெருந்துறைக்கு அருகிலுள்ள நம் சீனாபுரமே என்று உரிமை பாராட்டும் நாம், அவர் கொடுத்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடலாமா? திரிபு வேண்டா என்பவர்கள் விளக்கையே எழுவாயாகக் கொண்டு, நிலைத்து எரியும் விளக்கு என்று விரித்துக்கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் பொருள் கெடவில்லை.

எல்.இ.டி. எரிவதில்லை, ஒளிர்கிறது என்பது பொறியாளரின் தடை. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்தல் என்று வேதியியல் வகுப்பில் கற்பிப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள் என்கிறார். அப்படிப் பார்த்தால் பழைய குண்டு பல்பும் எரிந்ததில்லை. டங்ஸ்டன் இழை எரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உள்ளிருக்கும் காற்றை நீக்கி, ஆர்கான் போன்ற மந்த வாயுவை அடைத்தார்கள். அதையும் பல்பு எரிகிறது என்றே சொன்னோம். தெருவிளக்கு எரியவில்லை என்றுதான் இன்றும் புகார் எழுதுகிறோம். எரிதல் என்னும் வினை மின்விளக்கோடு பழகி நெடுங்காலம் ஆகிவிட்டது. வகுப்பறைக்காக மட்டும் அதை விலக்கினால், மாணவன் வீட்டில் பேசும் தமிழுக்கும் கையேட்டில் படிக்கும் தமிழுக்கும் இடையே நாமே ஒரு வேலி கட்டியவர்கள் ஆவோம்.

என் வாக்கு நின்றெரி விளக்குக்கு. முன்னால் பொருத்துவதை முன் நின்றெரி விளக்கு என்றும் பின்னால் பொருத்துவதைப் பின் நின்றெரி விளக்கு என்றும் குறித்தால் போதும். வியாழன் மாலைக்குள் வேறு வலுவான தடை வராவிட்டால், ஆசிரியை அம்மா இதையே அச்சுக்குக் கொடுக்கலாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பீளமேட்டுப் பொறியாளர் மறுமொழி:

பரிமேலழகர் சான்றை ஏற்கிறேன். நின்று என்பதில் எனக்கு இனித் தடையில்லை. எரி என்பதை மட்டும் ஏற்க இயலாது. பழைய தலைமுறை தளர்வாகச் சொன்னதை, கலைச்சொல் ஆக்கும் நாமும் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒளி என்னும் சொல்லில் உள்ள மயக்கம்தான் தடையென்றால், ஒளிர் என்று ரகர ஒற்றோடு முடித்தால் அது தீர்ந்துவிடும். நின்றொளிர் விளக்கு என்பதை முன்மொழிகிறேன். சுற்றுப்படம் நான் வரைந்தது. அதில் இந்தச் சொல்லையே எழுதியிருக்கிறேன்.

புலவர் ஐயா மறுமொழி:

நிற்ப என்பது நின்று எனத் திரிவது செய்யுளுக்கு உரியது. உரைநடைக் கலைச்சொல்லுக்கு அதைச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. நிலைத்து எரிவது என்ற பொருளில் மட்டும் நின்றெரி விளக்கைத் தடுக்காமல் விடுகிறேன். நுந்தா விளக்கைப் பற்றித் தனி மடல் தொடர் தொடங்குவேன்.

ஆசிரியை அம்மா மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. பாடப் பக்கங்களில் நின்றெரி விளக்கு என்று கோத்தாகிவிட்டது. படத்தில் நின்றொளிர் விளக்கு என்று இருக்கிறது. அதை மாற்றப் பொறியாளர் ஐயா இசையவில்லை, புதிதாக வரைய நேரமும் இல்லை. ஆகவே படத்தின் அடியில் இரண்டும் ஒன்றே என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன். இரண்டு கம்பியும் தனித்தனியாக வர வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். மாணவர்கள் எந்தச் சொல்லை வாயில் எடுக்கிறார்கள் என்று கவனித்து, அடுத்த பதிப்புக்கு முன் எழுதுகிறேன்.