ஸ்ரீசக்கர மொசைக்: கூர்முனை டைல் உடையாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, பீங்கான் டைல் துண்டுகளை வைத்து 60 செ.மீ. அகலத்தில் ஒரு ஸ்ரீசக்கரம் செய்துகொண்டிருக்கிறேன், மொசைக் வேலையில் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். வெளியே வரும் பூபுரமும் (சதுரச் சட்டம்) 16 இதழ், 8 இதழ் தாமரைகளும் சுலபம், வீல் நிப்பரில் (டைல் நறுக்கும் சக்கர இடுக்கி) வளைவு அழகாகவே வருகிறது. சிக்கல் உள்ளேதான். மேல்நோக்கிய 4, கீழ்நோக்கிய 5 என 9 முக்கோணங்கள் பின்னிக்கொண்டு 43 சின்ன முக்கோணங்கள் உருவாகின்றன அல்லவா, அதில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் மர்ம ஸ்தானங்களில் டைல் முனை ஊசி மாதிரி மெலிந்து உடைந்துவிடுகிறது. முனையை மழுக்கினால் அங்கே க்ரௌட் (டைல் இடைவெளியை நிரப்பும் பூச்சு) திட்டாக நின்று புள்ளியே கலங்கிப்போகும். அந்தக் கூர்மைதான் இந்த வடிவத்துக்கு உயிர், அதை விட மனமில்லை.

2 மி.மீ. க்ரௌட் இடைவெளியையே கோடாக வைத்துக்கொள்வதா, இல்லை கோடுகளை வேறு நிறத்தில் மெல்லிய பட்டையாக வெட்டிப் பதிப்பதா? முனைகளை டைமண்ட் பட்டையில் தீட்டினால் நிற்குமா? அப்புறம், அடியில் ஃபைபர் வலையில் ஒட்டுவதா, நேரே சிமென்ட் போர்டிலா? செய்து பார்த்த படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.