மொட்டை மாடி ராக் பேண்டு: 'அவனுங்க' கச்சேரியை நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

மாம்பலம் மாடிவீட்டுக்காரன்:

எங்கள் பழைய வீட்டை இடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் போன வாரம் மொட்டை மாடி அறையைக் காலி செய்தோம். சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டை ஒன்று கையோடு பெயர்ந்து வந்தது. முப்பது குழி, ஓரத்துக் குழியில் பல்லி முட்டை இரண்டு. அதைப் பார்த்ததும்தான் இந்த இழையைத் தொடங்கத் தோன்றியது.

1986இல் அந்த அறையை அப்பா நான்கு பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். 'படிக்கிற பிள்ளைகள்' என்று சொல்லித்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் மீன்பாடி வண்டியில் டிரம் செட் வந்து இறங்கியது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் தாராளமாகப் போனது. ஐப்பசி மழையில் நாற்றமும் சேர்ந்து போனது. மடி ஆசாரம் பார்க்கிற எங்கள் பாட்டிக்கு அது என்னவென்றே தெரியாது. "ஏண்டா, செவுரெல்லாம் குழிப்பணியாரச் சட்டி மாதிரி இருக்கே?" என்று கேட்டார். ஆப்பிள் பெட்டியில் வருகிற அட்டை என்று சொல்லி வைத்தோம். கடைசிவரை நம்பினார், பாவம்.

அவனுங்க வாசித்தது எல்லாம் அப்போதே பழசாகிவிட்ட இங்கிலீஷ் ராக். டீப் பர்பிள், லெட் செப்பலின், பிங்க் ஃப்ளாய்டு, குவீன். சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. குழுவுக்கு நிலையான பேரும் கிடையாது. நோட்டீஸில் ஒரு பேர் இருக்கும், மேடைத் துணியில் இன்னொன்று இருக்கும், மைக்கில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள். தெருவில் எல்லோருக்கும் அவர்கள் 'அவனுங்க', அவ்வளவுதான்.

அவனுங்க அடித்த கூத்து என்னவென்றால், ராக் கச்சேரியை அப்படியே மார்கழி சபாக் கச்சேரி மாதிரி நடத்துவது. ஜமக்காளம், வேட்டி, ஜிப்பா, தோளில் எலெக்ட்ரிக் கிட்டார், பாடகர் பக்கத்தில் ஃபிளாஸ்க். கிட்டார்காரர் ஐந்து நிமிஷம் சுருதி சேர்ப்பார். அதற்கே டிரம்ஸ்காரர் தலையை ஆட்டி 'பேஷ்' போடுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடகர் சபா செயலாளர் குரலில் அறிவிப்பார்: "அடுத்து வருவது ஜி மைனரில் அமைந்த உருப்படி. இயற்றியவர்கள் டீப் பர்பிள் சகோதரர்கள்."

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டுக்கு முன்னால் அவர் செய்த காலட்சேபம் இன்னும் காதில் இருக்கிறது. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தில் மான்ட்ரூ என்ற ஊர், அங்கே ஒரு கேசினோ. உள்ளே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருத்தன் தீப்பொறி கக்குகிற துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட, கட்டடமே எரிந்து போகிறது. அதே இடத்தில் ரெக்கார்டிங் செய்ய வந்திருந்த பர்பிள்காரர்கள், ஏரி மேலே புகை பரவுவதைப் பார்த்துப் பாட்டுக் கட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டுக் குரலை இறக்கி, "நம்ம மூர் மார்க்கெட் 1985 மே மாசம் எரிஞ்சுதே, யாராவது ஒரு பாட்டு கட்டினோமா?" என்பார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிடும். அவரிடம் இருந்த ரெக்கார்டெல்லாம் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியவை.

அப்புறம் கிட்டார். கிட்டார்காரர் பிக் என்கிற சின்ன வில்லையை வைத்து அடிக்க மாட்டார். இரண்டு தந்தியைச் சேர்த்து விரலால் கிள்ளுவார். டீப் பர்பிள் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அப்படித்தான் வாசித்தார் என்பதற்காக. எனக்குத் தெரிந்த மற்ற பையன்கள் எல்லாம் அதைப் பிக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் சொல்லுங்கள்.

மிருதங்க வாத்தியார் வீட்டுப் பெண்:

ஐயோ, அந்த ஃபிளாஸ்க்! அதில் என்ன இருந்தது என்று எங்கள் வகுப்பில் பந்தயமே நடந்தது. சீரக ரசம். நானே ஒரு மூடி வாங்கிக் குடித்தேன்.

1988 என்று நினைவு. எங்கள் கல்லூரி விழாவுக்கு வந்திருந்தார்கள். இரவு நேரமாகும் என்பதால் என்னைக் கூட்டிப்போகப் பெரியப்பா வந்திருந்தார். மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். சினிமாப் பாட்டுக்கே முகத்தைச் சுளிப்பார். வாசலில் நின்றால் கொசு கடிக்கிறது என்று உள்ளே வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடிவயிற்றில் பகீர் என்றது.

பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பத்தில் பணத்தைப் பற்றி ஒரு பாட்டு உண்டே, அதை எடுத்தார்கள். மூலத்தில் சில்லறை, கல்லாப்பெட்டி, காகிதம் கிழிவது என்று சத்தங்களை டேப்பில் வெட்டி ஒட்டிக் கணக்காகச் சுழல விட்டிருப்பார்கள். அவனுங்களுக்கு அந்த வசதி ஏது? ஒரு பல்லவன் கண்டக்டரின் தோல்பையை இரவல் வாங்கி வந்து, மைக் முன்னால் ஏழு எண்ணிக்கைக்குக் குலுக்கினார்கள். அதன்மேல் பேஸ் கிட்டார் ஏறியது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். பெரியப்பாவின் வலது கை தொடைக்கு வந்துவிட்டது. தகிட, தகதிமி. தகிட, தகதிமி. மிஸ்ர சாபு! முகம் மட்டும் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. சாக்ஸபோன் வாசிக்க ஆள் கிடைக்காமல் கல்யாண பேண்டு செட்டிலிருந்து ஒரு கிளாரினெட்காரரைப் பிடித்து வந்திருந்தார்கள். அந்த இடமும் ஏழிலேயே போனது, பெரியப்பா விடவில்லை. அடுத்து கிட்டார் தனி வரும்போது பாட்டு நாலுக்குத் தாவும். பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. இரண்டு சுற்று தடுமாறி, ஆதி தாளத்துக்கு வந்து சேர்ந்தார். திரும்ப ஏழு வந்தபோது அவரே "வந்துட்டான்" என்றார். சத்தமாகவே.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. நந்தனம் தாண்டியதும் கேட்டார்: "அதைக் கட்டினவன் எந்த ஊர்?"

"இங்கிலாந்து பெரியப்பா."

"ஏழுல அவ்ளோ அழகா கட்டிண்டு வந்துட்டு, தனி வாசிக்கறச்சே நாலுக்கு ஏன் ஓடினான்? பயந்துட்டானா?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

டிக்கெட் வாங்கியவன்:

எல்லோரும் இப்படிப் புகழ்கிறீர்கள், நானும் என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன். அடிக்க வராதீர்கள்.

1989 டிசம்பர் 31, ஒரு கிளப்பில் புது வருஷக் கொண்டாட்டம். கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கினேன். லெட் செப்பலினின் அந்த எட்டு நிமிஷப் பாட்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை ஆரம்பித்தார்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிறுத்திவிட்டு, "காண்டீன் இடைவேளை, ரசிகர்கள் கீரை வடையைத் தவறவிடக் கூடாது" என்று அறிவித்துவிட்டு இறங்கிப் போனார்கள். உண்மையாகவே போய்க் காபி குடித்தார்கள்! கால் மணி நேரம் கழித்து வந்து, விட்ட வரியிலிருந்து பாடினார்கள். சபா நகைச்சுவையாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு மணி நெருங்கியதும் கூட்டம் 'இளமை இதோ இதோ' கேட்டது. 1982இல் 'சகலகலா வல்லவன்' வந்த பிறகு, அந்தப் பாட்டு ஒலிக்காமல் புது வருஷம் பிறந்ததாகச் சென்னையில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அவனுங்க மாட்டோம் என்றார்கள். "தமிழ்ப் பாட்டு வாசிச்சா எங்க ஆசாரம் கெட்டுடும்." ஒரு சோடா பாட்டில் பறந்தது. இரண்டாவது பறந்ததும் வாசித்தார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை மட்டும் கிண்டல் கேலி எதுவும் இல்லாமல், முகத்தில் சிரிப்பே காட்டாமல், ஒரு இடம் பிசகாமல் வாசித்தார்கள். ஒத்திகை பார்க்காமல் அப்படி வாசிக்க முடியாது. ஆக, கேட்பார்கள் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள். அப்புறம் எதற்கு எங்களை பாட்டில் வீச வைத்தார்கள்?

மாம்பலம் மாடிவீட்டுக்காரன்:

சார், அந்த கிளப்பின் காபி டம்ளர் இரண்டு எங்கள் மாடி அறையில்தான் கிடந்தன.

மைக் செட்காரர், வியாசர்பாடி:

தம்பிகளா, நீங்கள் எல்லோரும் மேடைக்கு முன்னால் இருந்து பார்த்தவர்கள். நான் பக்கவாட்டில் ஆம்பிளிஃபயரோடு உட்கார்ந்திருந்தவன். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

புளியந்தோப்புப் பக்கம் ஓர் அம்மன் கோயில், ஆடி மாசம், கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமை. ராத்திரிக்கு வர வேண்டிய மெல்லிசைக் குழு வரவில்லை. கமிட்டிக்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். எனக்குத் தெரிந்த பாட்டுப் பார்ட்டி அவனுங்கதான். பக்கத்து வீட்டு போனுக்கு அடித்துச் சொன்னேன், டெம்போ பிடித்து வந்து சேர்ந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடக் கூடாது என்கிற 2000ஆம் வருஷத்து விதியெல்லாம் அப்போது வரவில்லை. நாலு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன்.

கோயில் லைனில் எர்த் சரியில்லை. பாடுகிற தம்பி கையில் கிட்டார், உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்று இழுத்தது. முதல் பாட்டிலேயே இரண்டு தடவை துள்ளினார். ஜனங்கள் அதை ஆட்டம் என்று நினைத்து விசில் அடித்தார்கள். நான் ஓடிப்போய் மைக் தலையில் காய்ந்த கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன்.

நாலு பாட்டுப் போனது. பெண்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். கமிட்டிக்காரர் வந்து "அம்மன் பாட்டு போடுங்கப்பா" என்றார். அவனுங்களுக்கு ஒரு அம்மன் பாட்டும் தெரியாது. என்ன செய்வது என்று யோசிக்க நேரம் வேண்டும் இல்லையா, டிரம்ஸ் தம்பியை நீ தனியா ஓட்டு என்று விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் மேடைக்குப் பின்னால் போனார்கள். அவர் செப்பலின் டிரம்மர் ஜான் போனம் பைத்தியம். போனம் தனி வாசிக்கும்போது பாதியில் குச்சியைப் போட்டுவிட்டு வெறும் கையால் அடிப்பாராம். இவரும் குச்சியைப் போட்டுவிட்டுப் பெரிய டிரம்மை உள்ளங்கையால் அடித்தார்.

குழாய் ஸ்பீக்கரில் அது எப்படிக் கேட்கும்? பம்பை மாதிரிதான் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது.

முதலில் ஒருத்தர். அப்புறம் மூன்று பேர், நாலு பேர். தலைமுடி அவிழ்ந்து, வேப்பிலையோடு மேடையைச் சுற்றி ஆடுகிறார்கள். தம்பி மிரண்டுபோய் என்னைப் பார்க்கிறார். நான் பூசாரியைப் பார்க்கிறேன். பூசாரி விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டு, நிறுத்தாதே நிறுத்தாதே என்று கையைக் காட்டுகிறார். சாமி ஆடும்போது மேளத்தைப் பாதியில் விடலாமா? தம்பி விடவில்லை. ஜிப்பா நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. உள்ளங்கை சிவந்து, விரல் ஓரம் வெடித்து, டிரம் தோலில் ரத்தம் தெரிந்தது. கை தளர்கிற மாதிரி இருந்த நேரத்தில், ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்த கோயில் பம்பைக்காரர் எழுந்து, பம்பையை மாட்டிக்கொண்டு மேடையேறித் தம்பி பக்கத்தில் நின்றார். ஒரு நிமிஷம் கேட்டார். அப்புறம் சேர்ந்தார். அதற்கு மேல் அந்த இடத்தில் நடந்தது எனக்கு எழுத வராது. கற்பூரம் காட்டிச் சாமி மலையேறும்போது அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த அம்மா வந்து தம்பி நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். மற்ற மூன்று பேரும் மேடைக்குப் பின்னால் நின்றபடியே கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் நக்கல் அடிப்பவர்கள், டெம்போவில் ஏறுகிறவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேசின காசில் பாதிதான் வந்தது. ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

அன்றைக்குக் கச்சேரியை நான் கேசட்டில் பிடித்தேன். தொண்ணூறு நிமிஷ கேசட், ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து. தம்பி குச்சியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் முதல் பக்கம் முடிந்து 'டக்'கென்று நின்றுவிட்டது. திருப்பிப் போட எனக்கு எங்கே தோன்றும்?

பாடகரின் மகள்:

பாடுகிற தம்பி என்று மைக் செட் அண்ணன் சொன்னது என் அப்பாவை.

நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள், அப்பா பள்ளியில் முழுக்கத் தமிழ் மீடியம். ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் ஒரு பாங்க் டைரி திறந்திருக்கும். அது இப்போது என்னிடம் இருக்கிறது. எல்லாப் பாட்டும் தமிழ் எழுத்தில், கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியவை. மூச்சு விடுகிற இடத்தில் சிவப்புப் புள்ளி. 'ஃப' வருகிற இடத்திலெல்லாம் வெறும் 'ப' எழுதி, தலைக்கு மேலே சின்னதாக ஒரு மீசை வரைந்திருப்பார். பல வரிகள் தப்பு. பிற்பாடு சரியான வரி தெரிந்தபோதும் மாற்றவில்லை. "உருவேறின மந்திரத்தை மாத்தப்படாது" என்பார்.

1975இல் வந்த குவீன் பாட்டின் நடுவே ஓபரா மாதிரி ஒரு பகுதி வருமே, அந்தப் பக்கத்தில் மட்டும் வார்த்தை இல்லை, வெறும் சொற்கட்டு. தகதரிகிட, தளாங்கு தோம் என்று நான்கு பேருக்கும் பிரித்து எழுதியிருக்கிறது. குவீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மகாராஷ்டிராவில் இருக்கிற பஞ்ச்கனியில் படித்தவர், அதனால் பாதி நம்ம ஊர்க்காரர், கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது அப்பாவின் வாதம்.

1993இல் பேஸ் வாசிக்கிற சித்தப்பா துபாய் போனதோடு கச்சேரி நின்றது. சொந்தச் சித்தப்பா இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். 2024இல் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்கு பேரும் வந்தார்கள். கெட்டிமேளம் சொன்னதும் நாதஸ்வரக்காரர் வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அந்த டீப் பர்பிள் கிட்டார். புரோகிதர் திரும்பி முறைத்தார். அப்பா தாலியைக் கையில் வைத்துக்கொண்டே "ஜி மைனர்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

டிரம்ஸ் மாமா அன்றைக்கு வாசிக்கவில்லை, தவில்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புளியந்தோப்பு விஷயத்தை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அந்த கேசட் இன்னும் இருக்கிறதா அண்ணே?

மைக் செட்காரர், வியாசர்பாடி:

இருக்கிறதும்மா. லேசாகப் பூசணம் பிடித்திருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் டெக் இல்லை.

டிக்கெட் வாங்கியவன்:

என்னிடம் டெக் இருக்கிறது. பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும், ரிச்சி தெருவில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொண்டு வாருங்கள். டிரம்ஸ்காரரையும் கூட்டி வாருங்கள். காபி நான் வாங்கித் தருகிறேன், ஆனால் கேட்டு முடித்த பிறகுதான்.