மணப்பாட்டு வீட்டுக் குழு: அப்பாவின் ஆண்டுத் திருப்பலியும் 240 ஓலைப்பெட்டிகளும்

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை

அந்தோணி (தூத்துக்குடி), காலை 8.12
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலியை வரும் 14ஆம் தேதி ஞாயிறு காலையில் ஊர்க் கோவிலில் ஒப்புக்கொடுக்கப் பங்குத்தந்தையிடம் பேசிவிட்டேன். திருப்பலி முடிந்ததும் கல்லறை மந்திரிப்பு. அதன் பின் நம் வீட்டிலேயே மதியச் சாப்பாடு. ஏறக்குறைய 60 பேர் வருவார்கள். சமையலை ஸ்டெல்லா பார்த்துக்கொள்வாள். சென்ற ஆண்டு துக்கத்தில் வீட்டு வாசலில் ஸ்டார்கூடக் கட்டவில்லை. அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஐந்து வீட்டுக்கும் முன்போலவே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்ய வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார்கள். அதையும் அவளே கவனித்துக்கொள்ளட்டும்.

சித்தி (வீரபாண்டியன்பட்டினம்), காலை 8.20
மிகவும் நல்லது. அக்காள் மனம் ஆறும்.

பிலோமினா மதினி, காலை 8.21
ஆமென். நாங்கள் சனிக்கிழமை இரவே வந்துவிடுவோம்.

ஜெரால்டு (சென்னை), காலை 8.34
எனக்கு ரயிலில் இன்னும் இடம் உறுதியாகவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறேன். அக்காவிடம் முதலில் கேட்டீர்களா அண்ணா?

அந்தோணி, காலை 8.36
வீட்டில் இருப்பவள் அவள்தானே. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஸ்டெல்லா, காலை 10.05
இப்போதுதான் பூசை முடிந்து வந்து படித்தேன். அண்ணன் கோபப்படாமல் முழுவதையும் வாசிக்க வேண்டும். திருப்பலிக்கு முன்னின்று ஏற்பாடு செய்ததற்கு நன்றி. அப்பாவின் ஆண்டு நாளை நான் மறக்கவில்லை. அவர் சாய்ந்து உட்காரும் திண்ணைத் தூணருகில்தான் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்கிறேன். ஆனால் என் கையில் இருக்கும் வேலையைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னால்தான் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

சென்னையில் கேக் செய்து விற்கும் ஒருவருக்கு மூடியுடன் 240 ஓலைப்பெட்டிகள் தருவதாக நவம்பரில் ஒப்புக்கொண்டு 15,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறேன். இதுவரை 128 முடிந்திருக்கின்றன. மீதி 112. மூடியும் அடியும் இறுக்கமாகப் பொருந்துமாறு ஒரு பெட்டியை முடைந்து ஓரம் கட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. அப்படியானால் 336 மணி நேர வேலை இன்னும் இருக்கிறது. பார்சல் 18ஆம் தேதி காலை போயாக வேண்டும். நாளை முதல் 17 வரை, ஞாயிறு நீங்கலாக, ஒன்பது நாள். என்னையும் சேர்த்து ஐந்து பெண்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் கணக்கு நேராகும். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால்கூட எண்ணிக்கை குறைந்துவிடும்.

நாங்கள் ஐவரும் முடைவது நம் திண்ணையில்தான். சனிக்கிழமை அங்கே 60 பேருக்கு வெங்காயம் உரித்து, அடுப்பு மூட்டி, பாத்திரம் பரப்பினால் என் ஒருத்தியின் வேலை மட்டும் நிற்காது, ஐந்து பேர் வேலையும் நின்றுவிடும். அந்த ஒரு நாளில் 12 பெட்டிகள் போய்விடும்.

ஜெரால்டு, காலை 10.09
இத்தனை பெட்டிகள் என்று எனக்குத் தெரியாது அக்கா.

பிலோமினா மதினி, காலை 10.15
பெட்டியைப் பகலில் முடைந்துவிட்டு இரவில் பலகாரம் செய்யலாமே, ஸ்டெல்லா. நாங்களெல்லாம் வேலைக்கும் போய்க்கொண்டுதானே வீட்டையும் பார்க்கிறோம்.

ஸ்டெல்லா, காலை 10.31
மதினி, பகலில் முடைகிறோம், இரவில் நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளுக்கு வேண்டிய ஓலையை இரவில்தான் வார்ந்து வைக்கிறேன். பனையேறி வெட்டிக் கொடுக்கும் குருத்தோலையை வெயிலில் காயவைத்து வெளுக்க விட வேண்டும். ஈர்க்கை நீக்க வேண்டும். ஒரே அகலத்தில் வார வேண்டும். சிவப்பும் பச்சையும் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து, அலசி, மறுபடியும் காயவைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வேலை வருவது வெயில் இல்லாத மாதத்தில். சாயம் ஏற்றிய ஓலை முழுவதும் காயாமல் முடைந்தால் மூன்றாம் நாளே உட்புறம் பூஞ்சை பூக்கிறது. அதில் கேக்கை வைத்தால் கேக்கும் கெட்டுவிடும். அடுப்புக்கு மேலே பரணில் போட்டு உலர்த்தினால் புகை ஏறி வெள்ளை ஓலை பழுப்பாகிவிடுகிறது. இந்த வாரம் இரண்டு நாள் மட்டுமே ஒழுங்காக வெயில் அடித்தது. வெயில் தெரிந்தவுடன் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு மாடிக்கு ஓடுகிறேன். தூறல் விழுந்தவுடன் வாரி எடுக்க ஓடுகிறேன். ரினிக்குப் புதன்கிழமை அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. அவள் பத்தாம் வகுப்பு. அவளை இந்த ஓலைக்குப் பக்கத்தில் இழுக்க எனக்கு மனம் இல்லை.

சித்தி, காலை 10.33
ரினி படிக்கட்டும். அதுதான் முக்கியம்.

சித்தி, காலை 10.34
ஸ்டெல்லா, எங்கள் கோவில் இளைஞர்கள் ஸ்டார் போட்டிக்காக ஓலையில் பெரிய ஸ்டார் ஒன்று கேட்கிறார்கள். ஆறடி இருந்தால் போதுமாம். நீ செய்து தருவாய் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா, காலை 10.36
சித்தி, மன்னியுங்கள். 18ஆம் தேதிக்குப் பிறகு என்றால் செய்து தருகிறேன்.

சித்தி, காலை 10.37
அதற்குள் போட்டியே முடிந்துவிடுமே.

அந்தோணி, காலை 10.48
ஸ்டெல்லா, உன் உழைப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன்பும் இப்படித்தான் ஒரு பெரிய ஆர்டரை ஏற்றாய். கடைசியில் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். சிறிய அளவில் செய்தால் போதாதா? குடும்பத்தில் ஒரு நாள், அதுவும் அப்பாவின் நாள், அதற்கு நேரம் இல்லை என்று சொல்வது என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெரால்டு, காலை 10.50
அண்ணா, அந்த மழையை அக்காவின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஸ்டெல்லா, காலை 11.14
அண்ணன் எடுத்ததனால் நானும் அதைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ. சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. அந்த இரவில் கீழறையில் அடுக்கி வைத்திருந்த 90 பெட்டிகள் நனைந்தன. மறுநாள் காலை அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு பெட்டியாக எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்றும் தேறாது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எல்லாவற்றையும் எடுத்தார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் 25,000 ரூபாய் தந்தீர்கள். அந்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதில் 15,000 திருப்பித் தந்தேன்; 10,000 பாக்கி இருக்கிறது. இந்தப் பெட்டி ஒன்றுக்கு 220 ரூபாய். அதில் முடைகிற கைக்கு 120 போக, ஓலை, சாயம், பார்சல் செலவும் போக மிஞ்சுவதில் முதலில் அந்தக் கடனை அடைக்கத்தான் இந்த ஆர்டரை ஏற்றேன்.

செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு மணல்மேட்டுத் திருச்சிலுவை ஆலயத்துக்குப் போகும் வழியில் நான்கு பெட்டிகளை விரித்துப்போட்டுத் தொடங்கிய வேலை இது. இன்று நான்கு வீடுகளில் அடுப்பு எரிய இதுவும் ஒரு காரணம். கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத வாரங்களில் அந்த வீடுகளுக்கு வேறு வரும்படி இல்லை. நான் ஆர்டரைக் கைவிட்டால் நான் மட்டும் நஷ்டப்படுவதில்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது செய்கிற வேலை என்று இதை நினைக்காதீர்கள்.

பிலோமினா மதினி, காலை 11.20
அந்தப் பணத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லையே.

ஸ்டெல்லா, காலை 11.21
கேட்கவில்லை, மதினி. ஆனால் போன பெரிய வெள்ளிக்கிழமை அம்மாவிடம் நினைவூட்டினீர்கள்.

பிலோமினா மதினி, காலை 11.21
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

லூர்து அத்தான், காலை 11.40
மச்சான், நான் ஒன்று சொல்கிறேன். காற்று பலமாக இருப்பதால் நான்கு நாளாக நாங்கள் கடலுக்குப் போகவில்லை. மாடியில் ஓலை காயவைப்பதையும் வாரி எடுப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மீன் குழம்பும் நானே வைப்பேன். ஆனால் 60 பேருக்குச் சமைக்க எனக்குத் தெரியாது.

ஜெரால்டு, காலை 11.42
அத்தான் வைக்கும் சீலா மீன் குழம்புக்காகவே நான் வருவேன்.

ஜெரால்டு, காலை 11.47
அண்ணா, சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடலாம். உடன்குடியிலோ திருச்செந்தூரிலோ சமையல்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் இடத்திலேயே சமைத்துக் கொண்டுவரச் சொன்னால் திண்ணைக்கும் தொந்தரவு இல்லை. பாதிச் செலவை நான் ஏற்கிறேன்.

அந்தோணி, பிற்பகல் 12.05
அப்பாவின் ஆண்டு நாளில் வெளிச் சாப்பாடா? அவர் கல்யாண வீட்டிலேயே இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிட்டதில்லை.

சித்தி, பிற்பகல் 12.08
உங்கள் அப்பாவுக்கு வீட்டுச் சோறும் புளிக்குழம்பும் இருந்தால் போதும். அதுவும் உண்மைதான்.

ரினி, பிற்பகல் 12.30
மாமா, நான் ரினி. பாட்டிக்கு நான் எல்லாச் செய்திகளையும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். பாட்டி சொல்கிறார்கள்: “அந்தோணி, உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த மாதம் முழுவதும் ஸ்டெல்லாவுக்கு ஈர்க்கு நீக்கிக் கொடுத்திருப்பார். போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவர்தான் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பிடித்த வேலை அது. அவள் வேலையை நிறுத்திவிட்டு எனக்குப் பலகாரம் செய்ய வேண்டாம். ஐந்து வீட்டுக்கும் முந்திரிக்கொத்து என்று நான் கேட்டது பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உருட்டுவார்கள் என்பதற்காகத்தான். ஒருத்தியே உருட்டி மூட்டை கட்டி அனுப்புவதற்கு நான் ஆசைப்படவில்லை.”

ரினி, பிற்பகல் 12.31
பாட்டி அழுகிறார்கள். கைப்பேசியை அம்மாவிடம் கொடுக்கிறேன்.

ஜெரால்டு, பிற்பகல் 12.33
அம்மாவை அழவிடாதீர்கள். மாலையில் நான் அழைக்கிறேன்.

அந்தோணி, பிற்பகல் 12.58
அப்பா ஈர்க்கு நீக்கிக் கொடுத்தது எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஸ்டெல்லா, பிற்பகல் 1.10
பெட்டியின் மூடிக்கு உள்ளே யாருக்கு, எந்த ஊருக்கு என்று சிறு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பதும் அப்பாதான், அண்ணா. எழுத்துப்பிழை இருந்தால் வேறு சீட்டு எழுதுவார். இந்த ஆண்டு நான் எழுதிய சீட்டுகளில் அவர் எத்தனை பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

பிலோமினா மதினி, பிற்பகல் 1.25
ஸ்டெல்லா, சனிக்கிழமை காலையிலேயே நாங்கள் வந்துவிடுகிறோம். எனக்கு முடையத் தெரியாது. ஓலையை வாருவதற்குச் சொல்லிக் கொடுத்தால் செய்வேன். அன்று உன் கூட்டத்துக்குத் தேநீரும் மதியச் சோறும் என் பொறுப்பு.

ஸ்டெல்லா, பிற்பகல் 1.27
நன்றி, மதினி. ஓலை வாருவது கையை அறுக்கும். துணி சுற்றிக்கொள்ள வேண்டும். நான் காட்டித் தருகிறேன்.

அந்தோணி, பிற்பகல் 1.40
சரி. சாப்பாட்டை வெளியில் சொல்வது பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. 60 பேரை 40 ஆகக் குறைத்து, நெருங்கிய சொந்தங்களை மட்டும் அழைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். குறைத்தால் யாரை விடுவது என்பதுதான் கஷ்டம்.

சித்தி, பிற்பகல் 1.42
கூட்டப்புளியாரை விட்டுவிடாதே. சாவு வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள்தான்.

ஜெரால்டு, பிற்பகல் 1.44
முந்திரிக்கொத்தை 21ஆம் தேதி ஞாயிறு மாலை எல்லோரும் சேர்ந்து செய்யலாம். பார்சலும் போயிருக்கும். அக்கா பாகுப் பதம் மட்டும் பார்க்கட்டும். வறுப்பது, உடைப்பது, உருட்டுவது எங்கள் வேலை. ஆனால் எனக்கு அந்த வாரம் விடுப்பு கிடைக்குமா என்று நாளைதான் தெரியும்.

அந்தோணி, பிற்பகல் 1.46
21ஆம் தேதி எங்கள் பங்கில் கேரல் பவனி இருக்கிறது. பிள்ளைகள் அதில் பாடுகிறார்கள். 22 என்றால் சரியாக இருக்குமா?

ஸ்டெல்லா, பிற்பகல் 1.47
22 திங்கட்கிழமை. ரினிக்கு மறுநாள் தேர்வு.

சித்தி, பிற்பகல் 1.50
அப்படியானால் 23 மாலை. பொரித்த சூட்டோடு ஆறவைத்து 24 காலை பங்கு வைத்துவிடலாம்.

ஜெரால்டு, பிற்பகல் 1.51
23 எனக்கும் வசதி, ரயில் கிடைத்தால்.

அந்தோணி, பிற்பகல் 1.55
பார்க்கலாம். ஸ்டெல்லா, அந்த 10,000 பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

ஸ்டெல்லா, பிற்பகல் 1.57
நினைக்காமல் இருக்க முடியாது, அண்ணா. பார்சல் போனதும் பேசுவோம்.

லூர்து அத்தான், பிற்பகல் 2.20
வெயில் வந்திருக்கிறது. பச்சை ஓலையை மாடியில் விரித்துவிட்டேன். சிவப்பையும் விரிக்கவா?

ஸ்டெல்லா, பிற்பகல் 2.20
சிவப்பைத் தனியாக, வெள்ளைச் சாக்கின் மேல் விரியுங்கள். சாயம் ஒட்டிவிடும். இதோ வருகிறேன்.

ரினி, பிற்பகல் 2.45
பாட்டி கேட்கிறார்கள்: சிறுபயறும் கருப்பட்டியும் எத்தனை கிலோ வாங்குவது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே? உடன்குடிக் கருப்பட்டி என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம்.